தாடையில் ஊன்றிய பல்: ஆறும் காலத்தில் நம் பொறுப்பு



செலண்டார் வட்டாரத்துத் தோட்டங்களில் வாழ்ந்த நம் பெரியவர்களில் பலர், பல் விழுந்தால் பொய்ப்பல் செட்டு, அதுவும் சரிப்படாவிட்டால் கஞ்சி என்றே காலத்தைக் கழித்தார்கள். இப்போது பிள்ளைகள் சேர்த்த பணத்தில் தாடையில் பல் ஊன்றிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு பல்லுக்கே சில ஆயிரம் வெள்ளி செலவாகும் சிகிச்சை இது. இதில் மருத்துவரின் கைவேலை பாதி. வீட்டில் நாம் நடந்துகொள்ளும் முறை மறுபாதி.

பல் ஊன்றுவது என்றால் என்ன? போன பல்லின் வேருக்குப் பதிலாக, டைட்டானியம் என்ற உலோகத்தால் ஆன சிறு திருகாணியைத் தாடை எலும்பில் பதிக்கிறார்கள். 1950களில் சுவீடன் நாட்டு ஆய்வாளர் பிரானமார்க், முயலின் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தி ஆராய்ந்தார். பிறகு அதை எடுக்கப் பார்த்தால் வரவில்லை; எலும்பு அதனோடு ஒட்டி வளர்ந்திருந்தது. 1965இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் அவர் இதைப் பதித்தார். அது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பயன்பட்டது.

ரப்பர்க் கன்றுக்கு ஒட்டுக் கட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மொட்டை வைத்துக் கட்டிய பின் சுமார் மூன்று வாரம் கட்டை அவிழ்க்க மாட்டோம். இடையில் அசைத்தால் ஒட்டுப் பிடிக்காது. தாடையிலும் அப்படித்தான். மேலே ஈறு ஓரிரு வாரத்தில் ஆறிவிடும். உள்ளே எலும்பு பிடிக்க மூன்று முதல் ஆறு மாதம் வேண்டும். வலி போய்விட்டது என்பதால் புண் ஆறிவிட்டதாக எண்ணக்கூடாது.

முதல் நாள், வைத்த பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். உறைந்த இரத்தமே புண்ணுக்கு மூடி. ஆகவே முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிக்காதீர்கள், காறித் துப்பாதீர்கள், குழாய் வைத்து உறிஞ்சாதீர்கள். சுடு கோப்பியும் வேண்டாம். கன்னத்தின் வெளியே துணியில் சுற்றிய பனிக்கட்டியை விட்டுவிட்டு வையுங்கள். வீக்கம் இரண்டு மூன்று நாள் கூடி, பிறகு வடியும், பயப்பட வேண்டாம்.

மறுநாள் முதல், ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து மெல்லக் கொப்பளிக்கலாம். ஆறிய கஞ்சி, இட்லி, மசித்த பருப்பு உண்ணலாம். மற்றப் பற்களை வழக்கம்போல் துலக்குங்கள். மருத்துவர் தந்த மருந்தை நடுவில் நிறுத்தாதீர்கள். கிராம்புத் தைலம், புகையிலை, சாராயம் எதையும் புண்ணில் வைக்காதீர்கள்.

வெற்றிலை பாக்கும் சுருட்டும் சிகரெட்டும் புண்ணுக்குப் பகை. புகை இரத்த ஓட்டத்தைக் குறைத்து எலும்பு பிடிப்பதைக் கெடுக்கும். இனிப்புநீர் உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காவிட்டால் புண் ஆறத் தாமதமாகும், சீழும் பிடிக்கும்.

இன்னொன்று. ஒருநாள் கூலி போய்விடுமே என்று மறுநாளே பால்வாளி தூக்கவும் செம்பனைக் குலை சுமக்கவும் போகிறவர்கள் உண்டு. பாரம் தூக்கினால் நின்ற இரத்தம் மீண்டும் கசியும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, பல் மருத்துவர் தரும் எம்.சி.யும் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்புக்குச் செல்லும். இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர்களுக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவர்களுக்கு 22 நாள். ஆகவே கேட்கத் தயங்காதீர்கள்.

அழுத்தியும் இரத்தம் நிற்கவில்லை, மூன்று நாளுக்குப் பின் வலி கூடுகிறது, காய்ச்சல், சீழ், உதட்டில் மரத்த உணர்வு மாறவில்லை, பதித்தது ஆடுகிறது என்றால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். மூச்சு விடவோ விழுங்கவோ சிரமமானால் மருத்துவமனைக்கு விரையுங்கள். பல் ஊன்றாதவர்களுக்கும் ஒரு சொல்: வாயில் இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண் எதுவானாலும் காட்டிவிட வேண்டும். வெற்றிலை போடும் நம் மக்களிடையே வாய்ப் புற்றுநோய் அதிகம்.

பிள்ளைகள் பல் வைத்துத் தந்துவிட்டார்கள். அது நிலைக்கும்வரை பொறுத்திருப்பது நம் பங்கு.