கால் பிடிக்கிறதென்று மெஷினைப் பரணில் ஏற்றாதீர்கள்

உறக்கத்தில் மூச்சுப்பாதை அடைபடாமல் மாஸ்க் வழியே காற்றழுத்தம் தரும் சிபாப் மெஷின் வாங்கிய பல வீடுகளில் அது சில வாரங்களிலேயே பரணுக்குப் போய்விடுகிறது. மாஸ்க் முகத்தை அழுத்துகிறது, வாய் வறள்கிறது, காற்றுச் சத்தத்தில் பக்கத்தில் படுத்திருப்பவரின் தூக்கம் கெடுகிறது என்று காரணங்கள் சொல்வார்கள். டாக்டரிடம் சொல்லாமலே விட்டுவிடும் காரணம் ஒன்றும் உண்டு. நடு இரவில் கெண்டைக்கால் சதை கல்லாகி இழுத்துப் பிடிப்பதுதான் அது. "இந்த மெஷின் வந்த பிறகுதான் கால் நரம்பு இழுக்குது" என்று நோயாளி தானாகவே முடிவுகட்டிவிடுகிறார். மெஷினை விற்றவருக்குக் காலைப் பற்றித் தெரியாது. காலைப் பார்க்கும் டாக்டரிடம் மெஷினைப் பற்றி யாரும் சொல்வதில்லை. இந்த இடைவெளியில் சிகிச்சையே நின்றுபோகிறது.

நின்றால் இழப்பு பெரிது. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதை ஸ்லீப் ஆப்னியா என்கிறோம். ஒவ்வொரு தடையும் குறைந்தது 10 விநாடி நீடிக்கும். மணிக்கு 5 தடைகளுக்கு மேல் இருந்தால் நோய், 30ஐத் தொட்டால் கடுமையான நோய். ரத்த அழுத்தம் ஏறுவதும், இதயத் துடிப்பு தாளம் தப்புவதும், பக்கவாத ஆபத்து கூடுவதும், பகலில் வண்டி ஓட்டும்போது கண் செருகுவதும் இதனோடு சேர்ந்தே வருபவை. இந்தியாவில் வேலை செய்யும் வயதில் இருப்பவர்களில் சுமார் 10.4 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கக்கூடும் என்று எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு மதிப்பிட்டது. சிட்னியைச் சேர்ந்த மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் மூக்கு வழியே தொடர்ந்து காற்றழுத்தம் கொடுத்து இந்த அடைப்பைத் திறந்து காட்டினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் மிதமான, கடுமையான ஆப்னியாவுக்கு அதுவே முதல் சிகிச்சையாக இருக்கிறது.

சரி, காலைப் பிடிப்பது மெஷின்தானா? மாஸ்க் வழியே வரும் காற்றின் வேலை தொண்டையோடு முடிந்துவிடுகிறது. கால் பிடிப்போடு வந்த சிலருக்கு ஆப்னியா சிகிச்சை தொடங்கியதும் பிடிப்பே விலகியதாகக்கூட மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. அவை சில நோயாளிகளைப் பற்றியவை மட்டும் என்பதால் அதை வைத்து யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் மெஷினோடு சேர்ந்து மாறும் மற்ற விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலில் படுக்கும் விதம். குழாய் இழுபடுமே, மாஸ்க் நகர்ந்துவிடுமே என்ற பயத்தில், எப்போதும் ஒருக்களித்துப் படுத்தவர் மல்லாந்து அசையாமல் படுக்கத் தொடங்குகிறார். மல்லாந்த கால்மேல் கனத்த போர்வை இருந்தால் பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்துவிடும். அப்போது கெண்டைக்கால் தசை ஏற்கெனவே சுருங்கிய நிலையில் இருக்கிறது. சுருங்கிய தசைக்கு நரம்பு தேவையில்லாமல் ஒரு தூண்டல் அனுப்பினால் அது மேலும் சுருங்கி இறுகிக்கொள்கிறது. அடுத்தது, பழக்கமில்லாத மாஸ்க்கால் முதல் வாரங்களில் அரைத்தூக்கம்தான். முன்பு தெரியாமல் கடந்துபோன சின்னப் பிடிப்பும் இப்போது தெரிகிறது. மூன்றாவதை நான் முக்கியமானதாக நினைக்கிறேன். ஆப்னியா உள்ளவர்களில் பலருக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருக்கும். அவர்கள் சாப்பிடும் மாத்திரைகளில் சிறுநீரைப் பிரிக்கும் மாத்திரை ஒன்று இருந்தால், அது உடம்பின் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் குறைத்துக் காலை இழுக்கச் செய்யலாம். நெஞ்செரிச்சலுக்கு வருடக்கணக்கில் விழுங்கும் ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் வகை மாத்திரைகளும் மெக்னீசியத்தைக் குறைப்பதுண்டு. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை சிலருக்குத் தசைவலி தரும். தைராய்டு குறைவு, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரையால் நரம்பு பழுதாவது ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. பழியை மெஷின் மேல் போட்டுவிட்டால் இவற்றையெல்லாம் யாரும் தேடமாட்டார்கள்.

எல்லாக் கால் தொந்தரவும் பிடிப்பு அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சதை கட்டியாக இறுகி, உயிர்போகும் வலி சில விநாடியிலிருந்து சில நிமிடம் வரை நின்று, விட்ட பிறகும் காலை வரை சதையில் நோவு இருந்தால் அது பிடிப்பு. வலி பெரிதாக இல்லாமல், காலை ஆட்டியே ஆக வேண்டும் என்ற தவிப்பு மாலையில் தொடங்கி, எழுந்து நடந்தால் தணிந்தால் அது வேறு நோய். அதற்கு ரத்தத்தில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை தேவை. இன்னும் சிலருக்குத் தூக்கத்தில் கட்டைவிரலும் பாதமும் அரை நிமிடத்துக்கு ஒருமுறைபோல மேல்நோக்கித் துடிக்கும். மூச்சுத் தடையின் கலவரத்தில் மறைந்திருந்த இந்தத் துடிப்பு, மெஷின் மூச்சைச் சரிசெய்ததும் வெளியே தெரியும். பக்கத்தில் படுப்பவர்தான் இதை முதலில் கவனிப்பார். மெஷினின் அறிக்கையில் மூச்சு நன்றாக இருந்தும் பகலில் அசதி தீரவில்லை என்றால், இதைத் தூக்க மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

பிடித்த நொடியில்

பதறி எழுந்து நிற்க முயன்று, குழாய் கழுத்தில் சுற்ற, மெஷின் மேசையிலிருந்து விழ, வயதானவர் கீழே விழுவதுதான் உண்மையான ஆபத்து. பெரும்பாலான மாஸ்க்குகளில் முன்பக்கம் குழாயைப் பட்டென்று கழற்றும் இணைப்பு உண்டு. பகலில், வெளிச்சத்தில், கண்ணை மூடிக்கொண்டு அதைக் கழற்றிப் பழகுங்கள். அப்போது மாஸ்க் முகத்திலேயே இருக்கும், திரும்பப் படுத்ததும் குழாயைச் சொருகினால் போதும். வலி தொடங்கியதும் படுத்தபடியே முழங்காலை நீட்டி, பாதத்தை முகத்தை நோக்கி மெல்ல மடக்குங்கள். கை எட்டாதவர்கள் தலைமாட்டில் ஒரு துண்டு வைத்திருந்து, அதைப் பாதத்தில் மாட்டி இழுக்கலாம். வெடுக்கென்று இழுத்தால் தசைநார் கிழியலாம். வலி சற்று விட்டபின் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகால் தரையில் படிய நில்லுங்கள். பிறகு வெந்நீர் ஒத்தடம் நோவைக் குறைக்கும். சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் வேறொருவர் கையால் சூடு பார்த்த பிறகே ஒத்தடம் கொடுக்க வேண்டும்.

வராமல் தடுக்க, செலவில்லாத வழி ஒன்றுக்கு ஆய்வின் துணை இருக்கிறது. நெதர்லாந்தில் 55 வயதைக் கடந்த 80 பேரிடம் நடத்திய ஆய்வு 2012இல் வெளியானது. ஆறு வாரம், ஒவ்வொரு இரவும் படுக்கப் போகுமுன் கெண்டைக்காலையும் பின்தொடையையும் நீட்டிப் பயிற்சி செய்தவர்களுக்குப் பிடிப்பின் எண்ணிக்கையும் கடுமையும் குறைந்தன. சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தூக்காமல் முன்னே சாய்வதுதான் கெண்டைக்காலுக்கான பயிற்சி. மாஸ்க் மாட்டுவதற்கு முந்தைய சில நிமிடங்களை இதற்கு ஒதுக்கிவிடலாம். கால்மாட்டில் போர்வையைத் தளர்த்துங்கள். குழாயைத் தலைக்குமேல் ஒரு கொக்கியில் தொங்கவிட்டால் பயமின்றிப் புரண்டு ஒருக்களித்துப் படுக்கலாம். பலருக்கு ஆப்னியாவுக்கும் அதுவே நல்லது.

மாத்திரையில்தான் ஆபத்து

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். "நைட்ல கால் இழுக்குது" என்று மருந்துக்கடையில் சொன்னால், தசையைத் தளர்த்தும் மாத்திரையோ, தூக்கம் வரவைக்கும் டயசெபாம், குளோனசெபாம் போன்றதோ சீட்டில்லாமலே கைக்கு வந்துவிடக்கூடும். ஆப்னியா உள்ளவருக்கு இது விஷப்பரீட்சை. தொண்டைத் தசை தளர்வதே நோய் எனும்போது, இந்த மாத்திரை அதை இன்னும் தளர்த்தி, மூச்சு நின்றால் விழிப்புத் தட்டும் இயல்பையும் மழுங்கடிக்கிறது. கால் வலிக்கிறதென்று மெஷினையும் கழற்றி வைத்துவிட்டு இந்த மாத்திரையையும் போட்டுக்கொண்டு படுப்பதைவிட மோசமான இரவு ஆப்னியா நோயாளிக்கு இல்லை. நரம்பு வலிக்குத் தரும் கபாபென்டின், பிரிகாபலின் மாத்திரைகளும் மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்கு மூச்சை மந்தப்படுத்தலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் எச்சரித்தது. எந்த டாக்டரிடம் போனாலும் வாய் திறந்ததும் சொல்ல வேண்டியது, "எனக்கு ஸ்லீப் ஆப்னியா இருக்கு" என்பதுதான். அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பவரிடமும் இதைச் சொல்லுங்கள்.

கால் பிடிப்புக்குக் குயினைன் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. ரத்தத் தட்டணுக்களைச் சரியவைப்பது, இதயத் துடிப்பைக் குலைப்பது என உயிருக்கே ஆபத்தான விளைவுகள் வந்ததால், இதற்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவில் திரும்பத் திரும்ப எச்சரித்துவிட்டார்கள். மலேரியா மருந்து மலேரியாவுக்கு மட்டும் இருக்கட்டும். மெக்னீசிய மாத்திரையைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன்: வயதானவர்களின் கால் பிடிப்பைத் தடுப்பதில் அது பெரிதாகப் பயன் தர வாய்ப்பில்லை என்பதே 2020இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின் முடிவு. ரத்தத்தில் உண்மையிலேயே குறைவு இருந்தால் கதை வேறு. அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். இளநீர், வாழைப்பழம் என்று வீட்டு வைத்தியம் சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், டெல்மிசார்டன், லோசார்டன், ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுபவர்களுக்கும் பொட்டாசியம் ஏற்கெனவே ஏறியிருக்கலாம். அவர்கள் கேட்காமல் இளநீர் குடித்தால் அது இதயத்தைத் தாக்கலாம்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாகி வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், தேய்த்துவிடவே கூடாது. அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் 108ஐ அழையுங்கள். கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் விடுவது ரத்தக்குழாய் அடைப்பின் அடையாளம். கால் பலவீனமாவது, மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு இழப்பது ஆகியவை முதுகெலும்பைப் பார்க்கச் சொல்பவை.

நாள் முழுக்க நிற்பவர்கள்

காலுக்கும் கழுத்துக்கும் உள்ள ஒரு தொடர்பைப் பலர் அறிவதில்லை. பகலெல்லாம் நின்றால் காலில் நீர் தேங்குகிறது. இரவில் படுத்ததும் அந்த நீரில் ஒரு பகுதி மேலேறிக் கழுத்துப் பகுதியில் சேர்ந்து மூச்சுப்பாதையை நெருக்குகிறது. டொராண்டோ ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். காலில் சிரை ரத்தம் தேங்கும் நோய் உள்ளவர்கள் பகலில் அழுத்தக் காலுறை அணிந்தபோது இரவில் ஆப்னியா குறைந்ததும் பதிவாகியிருக்கிறது. தமனியில் அடைப்பு உள்ளவர்கள் மட்டும் அந்தக் காலுறையைத் தொடக்கூடாது. ஆக, துணிக்கடையிலும் நகைக்கடையிலும் பத்து மணிநேரம் நிற்கும் ஊழியருக்கு இரவில் கால் பிடிப்பதும் குறட்டை கூடுவதும் தனித்தனிச் சங்கடங்களாக இல்லாமலும் இருக்கலாம். அவருக்குச் சட்டம் ஒரு வழி செய்திருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்த திருத்தத்தின்படி, ஊழியர்கள் வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை தர வேண்டியது முதலாளியின் கடமை. இருக்கை இல்லாத கடைகள் மேல் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். திருத்தம் வந்து ஆண்டுகள் ஆகியும் ஊழியர்களை உட்காரவிடாத கடைகளைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

காசு கொடுத்தவரின் உரிமை

மெஷினை விற்றதோடு கடமை முடிந்ததாக நினைக்கும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். வாங்குமுன் சில வாரம் வாடகைக்கு எடுத்துப் பார்க்க முடியுமா, மாஸ்க் பொருந்தாவிட்டால் மாற்றித் தருவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மெஷினின் வரிசை எண்ணோடு முறையான பில் வாங்குங்கள். மெஷினின் நினைவகத்தில் ஒவ்வொரு இரவும் எத்தனை மணிநேரம் போட்டீர்கள், மாஸ்க்கில் எவ்வளவு காற்று கசிந்தது, மணிக்கு எத்தனை தடை மிச்சமிருந்தது என்பதெல்லாம் பதிவாகிறது. அது உங்கள் உடம்பின் கணக்கு. அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கி, எந்த இரவில் கால் பிடித்தது என்று நீங்கள் குறித்த தாளையும், சாப்பிடும் மாத்திரைகளையும் சேர்த்து டாக்டர் முன் வையுங்கள். கசிவு மிகுந்து தூக்கம் கலைந்த இரவுகளிலேயே கால் தொந்தரவும் தெரிகிறதென்றால், மாஸ்க்கை மாற்றுவதிலிருந்து தொடங்கலாம். அழுத்தத்தை நீங்களாகக் கூட்டிக் குறைக்காதீர்கள். ஸ்லீப் ஸ்டடி அறிக்கை உள்ளிட்ட மருத்துவ ஆவணங்களை, நீங்கள் கேட்ட 72 மணிநேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களின் நடத்தை விதிகள் 2002 சொல்கின்றன.

மெஷினே பழுதாகவும் இருக்கலாம். ஒலியைக் குறைக்க வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து காற்றோடு கலக்கக்கூடும் என்பதால், 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் உலகெங்கும் பல லட்சம் மெஷின்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பழைய மெஷினைக் கைமாற்றாக வாங்குபவர்கள் மாடலையும் வரிசை எண்ணையும் இதற்காகவே சரிபார்க்க வேண்டும். சில மாஸ்க்குகளில் காந்தக் கொக்கி உண்டு. பேஸ்மேக்கர் வைத்தவரோ, அவர் பக்கத்தில் படுப்பவரோ அவற்றைத் தவிர்ப்பது நல்லது. 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் இந்தியாவில் மருந்துச் சட்டத்தின்கீழ் வருகின்றன. கருவியால் உடம்புக்குத் தீங்கு நேர்ந்ததாகத் தோன்றினால், காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்தும் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம்.

பணத் தகராறு என்றால் முதலில் விற்பனையாளருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். வீட்டில் பயன்படுத்தும் கருவியின் விலையைப் பல மருத்துவக் காப்பீடுகள் விலக்கி வைத்திருக்கும் என்பதால், வாங்குமுன் பாலிசியின் விலக்குப் பட்டியலைப் படித்துவிடுங்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் சிஜிஹெச்எஸ் திட்டத்தில் சிபாப் மெஷினுக்கு உதவி உண்டு. அதற்கு அரசு நிபுணரின் பரிந்துரையும் முன் அனுமதியும் தேவைப்படும், ஆகவே பில் போட்ட பிறகு ஓடாதீர்கள்.