அட்டை, முயல், காக்கா ஆழி

வடக்குக் கரை – 14

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் விலங்குகளின் உடலமைப்பைச் சொல்லித்தர அட்டையும் முயலும் வருகின்றன. பதினொன்றில் மண்புழு, கரப்பான், தவளை. மாநிலம் முழுமைக்கும் ஒரே பாடநூல் என்பதால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர் அட்டையைக் கண்ணால் கண்டதில்லை. நண்டைக் கையில் கொடுத்தால் அடிவயிற்று மடலைப் பார்த்து, குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண் என்று நொடியில் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு உயிரியல் நடத்த வரும் பி.எட். மாணவருக்கு அது தெரியுமா?

தெரியாமல் போவதற்குக் காரணம் உண்டு. கல்லூரிகளில் விலங்கியல் மாணவர்கள் தவளையை அறுத்துப் படிப்பதை யுஜிசி 2011இல் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது, 2014இல் அறவே நிறுத்தியது. நல்ல முடிவு, ஆண்டுதோறும் அத்தனை தவளைகளைக் கொன்று நாம் பெரிதாக எதையும் கற்றுவிடவில்லை. ஆனால் தவளை போன இடத்துக்கு வந்தது கணினித் திரையும் வரைபடமும். உயிருள்ள ஒன்றை மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்க்கும் பழக்கம் வரவில்லை. அப்படிப் பட்டம் வாங்கியவர்தான் பி.எட். வகுப்புக்கு வருகிறார்.

ஓராண்டாக இருந்த பி.எட்., தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகளுக்குப் பிறகு இரண்டாண்டானது. 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். நான்கு மாதம் என்பது சின்ன காலம் அல்ல. அந்த நான்கு மாதமும் பெரும்பாலும் எப்படிக் கழிகிறது? பாடத்திட்ட நோட்டு, சார்ட், தெர்மாகோலில் இதயம், கடைசியில் ரெக்கார்டு. ஆசிரியர் வராத வகுப்பைப் பார்த்துக்கொள்வதும் இவர் தலையில்தான். ரெக்கார்டின் அட்டைக்குச் செலவாகும் கவனத்தில் பாதி உள்ளே இருக்கும் உயிருக்குப் போனால் போதும் என்று தோன்றும்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் மெல்லுடலிகள் பாடம். பயிற்சி ஆசிரியை சார்ட்டில் சிப்பியைக் காட்டுகிறார். பின்வரிசைப் பையன் எழுந்து, “மிஸ், எங்க நைனா வலைல எறாவுக்குப் பதிலா இதான் மிஸ் மாட்டுது, காக்கா ஆழி” என்கிறான். ஆசிரியை புன்னகைத்து, “சரி, உட்காருப்பா” என்று அடுத்த வரிக்குப் போகிறார். பாடம் கைக்கு வந்து நழுவிய இடம் அதுதான்.

காக்கா ஆழி என்று மீனவர்கள் சொல்வது தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த ஒரு சிப்பி, மைட்டெல்லா பேரினம். விரல் நீளத்துக்குள் அடங்கும். கருப்பும் பழுப்புமாக இருக்கும். நூல் போன்ற இழைகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தின் தரையில் பாய் விரித்தாற்போலப் படர்ந்துவிட்டது. அடியில் இருக்கும் மஞ்ச மட்டி மூச்சுமுட்டிச் சாகிறது. சேற்றில் பதுங்க இறாலுக்கு இடமில்லை. தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களின் விரலை ஓட்டின் விளிம்பு கிழிக்கிறது. இது இங்கே வந்தது எப்படி? சரக்கில்லாத கப்பல், நிலை தடுமாறாமலிருக்க ஒரு துறைமுகத்தில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு, சரக்கேற்றும் துறைமுகத்தில் வெளியே விடும். கண்ணுக்குத் தெரியாத இளம்புழுக்கள் அந்த நீரில் பயணிக்கும். இதுவும் அப்படித்தான் வந்திருக்கும் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. கப்பல் நீரைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை 2004இல் ஏற்கப்பட்டு, 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது.

இதை வகுப்புக்குள் கொண்டுவர இரண்டு கண்ணாடி ஜாடி போதும். இரண்டிலும் கழிமுகத்து நீர், கொஞ்சம் ஈஸ்ட் கரைத்த கலங்கல். ஒன்றில் மட்டும் பத்துப் பதினைந்து ஆழி. காலையில் வைத்தால் பிற்பகலுக்குள் ஆழி உள்ள ஜாடி தெளியத் தொடங்கும். ஆழி இல்லாத ஜாடியிலும் கலங்கல் தானாகக் கொஞ்சம் படியும். இரண்டாவது ஜாடி எதற்கு என்று பிள்ளைகளே அப்போது கேட்பார்கள். சோதனையில் ஒப்பீடு ஏன் வேண்டும் என்பதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்காது. சில ஆழி ஓட்டைத் திறக்கவே மாட்டா. உப்பு போதவில்லையா, யாராவது ஜாடியை ஆட்டினார்களா? ஆசிரியை விடை தெரியாமல் பிள்ளைகளோடு சேர்ந்து யோசிக்க வேண்டிய நேரம் இது. பயிற்சியில் யாரும் அவருக்குப் பழக்கித் தராததும் இதைத்தான். முடிந்தபின் ஆழியை வேறு குளத்திலோ கால்வாயிலோ கொட்டக் கூடாது. அந்த ஒரு எச்சரிக்கையே ஆக்கிரமிப்பு இனங்களைப் பற்றிய பாடம்.

பாடம் தெரிவது வேறு, கற்பிக்கத் தெரிவது வேறு, இரண்டும் கலந்த மூன்றாவது அறிவு ஒன்று ஆசிரியருக்கே உரியது என்று அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986இல் எழுதினார். அவர் அதை எழுதுவதற்கு முன்பே மத்தியப் பிரதேசத்தில் அது நடந்துகொண்டிருந்தது. 1972இல் ஹோஷங்காபாதில் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் திட்டத்தில், ஆராய்ச்சி நிலையங்களிலிருந்து வந்த விஞ்ஞானிகள் கிராமத்து ஆசிரியர்களோடு உட்கார்ந்து சோதனை செய்தார்கள், வயலுக்கும் ஓடைக்கும் போனார்கள். முப்பது ஆண்டு ஓடிய திட்டத்தை 2002இல் அரசு மூடியது. நல்ல திட்டங்களுக்கு நம் நாட்டில் ஆயுள் கொஞ்சம் குறைவு.

எண்ணூரில் இடைஞ்சல் வேறு மாதிரி. அனல்மின் நிலையத்துச் சாம்பல் கழிமுகத்தில் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கூழைக்கடாக்களின் சிறகில்கூட ஒட்டியது. அந்தத் தண்ணீரில் பிள்ளைகளை இறக்க எந்தத் தலைமை ஆசிரியரும் சம்மதிக்க மாட்டார்; சம்மதிக்கவும் கூடாது. அதனால்தான் ஜாடி. இறங்க வேண்டியவர் பயிற்சி ஆசிரியர், அதுவும் கையுறையோடு, இடம் தெரிந்தவர் துணையோடு.

காரப்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் இதற்காகப் புதுப் பாடத்தாள் எழுத வேண்டாம். இரண்டாம் ஆண்டு ரெக்கார்டுகளில் ஒன்றை, பயிற்சிப் பள்ளியிலிருந்து நடக்கும் தூரத்தில் வாழும் ஓர் உயிரைப் பற்றியதாக மாற்றி, சார்ட்டுக்குப் போகும் மதிப்பெண்ணை அதற்குத் தரலாம். சிறப்புரைக்கு வரும் பேராசிரியருக்கு மதிப்பூதியம் கொடுக்கிறோம். பாடு (முறை) பார்த்து வலை போடும் எண்ணூர்க் காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவர் அரைநாள் வேலையை விட்டு வந்து வகுப்பெடுத்தால், அவர் பெயரிலும் அதே தொகைக்கு வவுச்சர் போட வழி இருக்க வேண்டும்.

(தொடரும்)