புனித அந்திரேயா கோவில், எழும்பூர்

புனித அந்திரேயா கோவில் என்பது சென்னையின் எழும்பூர்ப் பகுதியில், பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள சீர்திருத்தக் கிறித்தவத் தேவாலயம் ஆகும். இது ஸ்காட்லாந்துத் திருச்சபையினருக்காகக் கட்டப்பட்டது. எனவே, ஸ்காட்லாந்து வழக்கில் தேவாலயத்தைக் குறிக்கும் 'கிர்க்' என்ற பெயராலும் அறியப்படுகிறது. 1818 இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1821 இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. தற்போது தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயத்தைச் சேர்ந்தது.

வடிவமைப்பு

கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப் பொறியாளர் தாமஸ் டி ஹாவிலாண்ட் இதனைக் கட்டினார். இலண்டனிலுள்ள புனித மார்ட்டின் தேவாலயத்தின் சாயலில் அமைந்தது என்று பொதுவாகக் கூறுவர். தூண் முகப்பையும் அதன் மேல் எழும் கூர்ங்கோபுரத்தையும் பொறுத்தவரை இது சரியே. ஆனால் இலண்டன் தேவாலயம் செவ்வக வடிவினது. இதன் நடுப்பகுதியோ வட்டமானது. புனித மார்ட்டின் தேவாலயத்துக்கு அதன் கட்டடக்கலைஞர் ஜேம்ஸ் கிப்ஸ் முதலில் வரைந்ததும் வட்ட வடிவத் திட்டமே. செலவு மிகும் என்று அது கைவிடப்பட்டது. வரைபடம் 1728 இல் அவர் வெளியிட்ட நூலில் மட்டும் இடம்பெற்றது. இலண்டனில் எழாத அந்த வடிவத்தை எழும்பூரில் காணலாம்.

அடித்தளம்

கோபுரமே முதலில் கண்ணில் படும் எனினும், கட்டடத்தின் அரிய பகுதி மண்ணுக்கடியில் உள்ளது. மழையில் நீர் தேங்கும் இளகிய நிலத்தில், சுமார் 166 அடி உயரக் கோபுரத்தையும் செங்கல் குவிமாடத்தையும் சாதாரண வாணத்தின் மேல் நிறுத்த இயலாது. ஆகவே கிணற்று அடித்தளம் பயன்படுத்தப்பட்டது. இம்முறையில், வளைந்த செங்கற்களால் உறை கட்டி, உள்ளிருக்கும் மண்ணைத் தோண்ட, உறை தன் எடையாலேயே கீழிறங்கும். உறுதியான மண் எட்டும்வரை மேலே உறையைக் கட்டிக்கொண்டே செல்வர். ஊர்க் கிணறுகளுக்கு உறை இறக்கும் அதே நுட்பம்தான். இங்கு கிணறுகள் 14 அடி முதல் 50 அடி ஆழம் வரை இறக்கப்பட்டன. ஆழம் இவ்வளவு வேறுபடுவதிலிருந்தே நிலத்தின் சீரற்ற தன்மை விளங்கும்.

குவிமாடம்

சுமார் 51 அடி விட்டமுடைய குவிமாடத்தை, கொரிந்திய வேலைப்பாடு கொண்ட 16 தூண்கள் வட்டமாக நின்று தாங்குகின்றன. செங்கல் சட்டத்தின் இடைவெளிகள் சுட்ட மண் கூம்புகளால் நிரப்பப்பட்டுள்ளன. உள்ளே வெற்றிடமுள்ள கூம்புகள் ஆதலால் எடை குறைவு. உட்புறம் ஆழ்ந்த நீல வண்ணம் தீட்டப்பட்டு, பொன்னிற விண்மீன்கள் வரையப்பட்டுள்ளன. தரையில் கறுப்பு, வெள்ளைப் பளிங்குக் கற்கள் சதுரங்கப் பலகைபோல் பதிக்கப்பட்டுள்ளன.