வேன் எப்போது சூடாகிறது? அதைக் கவனித்தாலே பாதி ரிப்பேர் முடிந்தது!

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆடிப்பூரத் தேரோட்டம் பார்க்க, வீட்டில் உள்ள எல்லோரையும் பழைய ஆம்னியில் ஏற்றிக்கொண்டு கிளம்பும் குடும்பங்கள் இன்றும் உண்டு. 1984-ல் மாருதி வேனாக வந்து, பிறகு ஆம்னி என்று பெயர் மாறி, 2019-ல் தயாரிப்பு நின்றுபோன வண்டி இது. அதனால், இன்று ஓடும் எல்லா ஆம்னியுமே பழசுதான். எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால், அது அளவுக்கு மீறிச் சூடானால் உட்கார்ந்திருப்பவருக்கே தெரிந்துவிடும்.

'வண்டி ஹீட் ஆகுது' என்று மட்டும் சொல்லி மெக்கானிக்கிடம் விட்டால், ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். எப்போது, எங்கே சூடாகிறது என்று சேர்த்துச் சொன்னால், செலவு பெரும்பாலும் சில நூறு ரூபாயிலேயே முடியும்.

நெரிசலில் மட்டும் சூடானால்...

ஊருக்கு வெளியே நன்றாக ஓடுகிறது; கோயில் பக்கத்து நெரிசலில் நின்றதும் முள் ஏறுகிறதா? ரேடியேட்டர் ஃபேனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நின்றுவிட்டால் ஃபேன்தான் கதி. வீட்டு வாசலில் எஞ்சினை ஓடவிட்டுக் கவனியுங்கள். முள் பாதியைத் தாண்டியும் ஃபேன் சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, ஃபேன் சுவிட்ச், ஃபேன் மோட்டார் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள்.

வேகத்திலும் மேட்டிலும் சூடானால்...

ஊருக்குள் தொந்தரவில்லை, குற்றாலம் போகும் நெடுஞ்சாலையிலோ, செங்கோட்டையைத் தாண்டிப் புளியரை மேட்டிலோதான் முள் ஏறுகிறதா? தண்ணீர் சரியாகச் சுற்றவில்லை என்று அர்த்தம். போர் தண்ணீரையே ஊற்றி வந்தால், குடத்தின் அடியில் உப்புப் படிவதுபோல ரேடியேட்டர் குழாய்களிலும் படிந்து அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, கூலன்ட் ஊற்ற வேண்டும். வாட்டர் பம்பும் அதை ஓட்டும் பெல்ட்டும் சரியாக இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

கிளம்பிய சில நிமிடங்களிலேயே சூடானால், தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கலாம். இது 80 முதல் 90 டிகிரி செல்சியஸில் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பும் சின்ன வால்வு. 'அதைக் கழற்றிப் போட்டால் போதும்' என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால், எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், மைலேஜும் குறையும். புதிதாக மாற்றுவதே நல்லது.

தண்ணீர் அடிக்கடி குறைந்தால்...

இரவு வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் ஈரம் இருந்தால் ஹோஸ், பம்ப், ரேடியேட்டர் இவற்றில் ஒன்று கசிகிறது. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் கெட்டுப்போனாலும் தண்ணீர் ஆவியாக வெளியேறும். கசிவே இல்லாமல் தண்ணீர் குறைந்து, சைலன்ஸரில் விடாமல் வெள்ளைப் புகை வந்தாலோ, எஞ்சின் ஆயில் பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தாலோ ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அதன் பிறகு வண்டியை ஓட்டவே கூடாது.

வழியில் ஆவி கிளம்பினால்...

* உடனே ஓரம்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். முன் சீட்டில் இருப்பவர்களை, முக்கியமாகக் குழந்தைகளை, முதலில் இறக்கிவிடுங்கள்.

* ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அது விசில் அடங்காத குக்கர் மாதிரி. உள்ளே அழுத்தம் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த நொடியே கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

* அரை மணி நேரமாவது ஆறவிட்டு, தடித்த துணியைப் போட்டு, மூடியை மெதுவாகக் கொஞ்சம் திருப்பி, ஆவி அடங்கிய பிறகே திறக்க வேண்டும். சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் விரிசல் விழலாம்.

* உச்சியில் நின்ற முள் திடீரென்று கீழே இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள். தண்ணீர் முழுக்கத் தீர்ந்துபோய், சென்சார் வெறும் காற்றில் நின்றாலும் முள் இறங்கும்.

'இன்னும் நாலு கிலோமீட்டர்தானே, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்' என்று ஓட்டுவதுதான் பெரிய செலவுக்கு வழி. அலுமினிய ஹெட் அந்தச் சூட்டில் வளைந்துவிட்டால், சில நூறு ரூபாய் வேலை எஞ்சினைப் பிரித்து மாட்டும் வேலையாகிவிடும். வாரம் ஒருமுறை, காலையில் வண்டியை எடுக்கும் முன் கூலன்ட் அளவைப் பாருங்கள். அதற்கு இரண்டு நிமிடம் போதும்.