சாந்து கூடினால் சுவர் பலக்குமா?

"இன்னும் ஒரு சட்டி சாந்து போடப்பா! சுவர் கெட்டியாக நிற்கட்டும்!"

போடிநாயக்கனூர் பக்கத்துச் சிலமலையானாலும் சரி, சென்னைப் பட்டணமானாலும் சரி, வீடு கட்டுகிறவர்கள் கொத்தனாரிடம் இப்படிச் சொல்வது உண்டு. ஆனால் நடப்பது நேர்மாறு! செங்கல் வரிகளுக்கு நடுவே சாந்து தடிக்கத் தடிக்கச் சுவரின் பலம் குறைகிறது.

பிதுங்கும் சாந்து

பிசைந்த மாவை இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து அமுக்கினால் என்ன ஆகும்? பக்கவாட்டில் பிதுங்கும். இறுகிய சாந்தும் அப்படித்தான். மேலே மச்சின் பாரம் ஏறும்போது, கண்ணுக்குத் தெரியாத அளவு அது பிதுங்கப் பார்க்கிறது. ஒட்டிக்கொண்டிருக்கும் செங்கல்லையும் வெளியே இழுக்கிறது. செங்கல் பாரத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. நெட்டுக்குத்தாக வெடித்துவிடும்!

சாந்து மெல்லியதாக இருந்தால், மேலும் கீழும் உள்ள செங்கற்கள் அதைப் பிதுங்க விடாமல் பிடித்துக்கொள்கின்றன.

சாந்தின் கனம் 1 சென்டிமீட்டர் இருப்பது நல்லது. அது 16 முதல் 19 மில்லிமீட்டர் வரை தடித்தால், சுவரின் தாங்கும் சக்தி 30 சதவீதம் வரை குறையலாம் என்று சோதனைகள் காட்டுகின்றன.

செலவையும் பாருங்கள். 3 அங்குலச் செங்கல்லில் 10 அடிச் சுவர். சாந்து 2 சென்டிமீட்டர் என்றால், சுவரின் உயரத்தில் 2 அடிக்கு மேல் வெறும் சாந்துதான்! 1 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய ஒன்றேகால் அடி. மிச்சப்படும் சிமென்ட் யாருடைய காசு?

பெரிய கோவில்

தஞ்சைப் பெரிய கோவிலை ராஜராஜ சோழன் 1010-ல் கட்டி முடித்தான். சுமார் 216 அடி உயர விமானம். கருங்கற்களைச் செதுக்கி, சாந்து இல்லாமலே கல்மேல் கல்லாக அடுக்கினார்கள். எகிப்துப் பெரிய பிரமிடின் மேலுறைக் கற்களை 1880-களில் பெட்ரி என்ற ஆங்கிலேயர் அளந்தார். இடுக்கு ஓர் அங்குலத்தில் ஐம்பதில் ஒரு பங்குதான்!

கோணல் செங்கல்

அதற்காக எந்தச் செங்கல்லிலும் சாந்தை வழித்துவிடலாமா? கூடாது. செங்கல் கோணலாக இருந்தால், மேடான இடத்திலேயே பாரம் விழுந்து உடையும். கோணலை மறைக்கத்தானே சாந்து தடிக்கிறது! ஆகவே வாங்கும்போதே ஒரே அளவான, விளிம்பு நேரான செங்கல்லாகப் பொறுக்க வேண்டும். அடுக்குமுன் தண்ணீரில் நனைக்க வேண்டும். இல்லாவிட்டால் செங்கல் சாந்தின் ஈரத்தைக் குடித்துவிடும்.

நெட்டு இடுக்குகளிலும் சாந்து நிரம்ப வேண்டும். மலையடிவாரத்துச் சிலமலையில் மழைத் தண்ணீர் சுவருக்குள் நுழைவது அந்த ஓட்டை வழியாகத்தான்.

இப்போது நகரங்களில் துல்லியமாக அறுத்த இலேசான சிமென்ட் கட்டிகள் வந்திருக்கின்றன. அவற்றை ஒட்டுவதற்கென்றே தனிச் சாந்து விற்கிறார்கள். அதன் கனம் வெறும் 3 மில்லிமீட்டர்!