கமெரா வாங்குமுன் 25 என்ற எண்ணைக் கவனியுங்கள்

பதுளை, பண்டாரவளை, வெலிமடை, ஹப்புத்தளை என ஊவாவின் எந்த ஊரை எடுத்தாலும் இன்று வீடியோ எடுக்காத நிகழ்ச்சி இல்லை. பாடசாலைப் பரிசளிப்பு விழா, நிகாஹ் வைபவம், பள்ளிவாசல் கூட்டம், தோட்டத் தொழிலாளர்களின் சம்பளப் போராட்டம் என எல்லாமே அன்றிரவே யூடியூபிலும் பேஸ்புக்கிலும் ஏறிவிடுகின்றன. ஆனால் அவற்றில் பலவற்றை இரண்டு நிமிடம்கூட நிம்மதியாகப் பார்க்க முடிவதில்லை. ஆட்கள் நடக்கும்போது படம் விட்டு விட்டு நகர்கிறது. டியூப் லைட்டின் கீழ் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. வாய் அசைந்து முடிந்த பிறகே குரல் வருகிறது.

இதற்குப் பரிகாரமாக எமது இளைஞர்கள் பணம் சேர்த்து 4கே கமெரா வாங்குகிறார்கள். கமெரா மாறினாலும் குறை அப்படியே இருக்கிறது. படம் பிடிப்பதிலிருந்து பதிவேற்றுவது வரை சில எண்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அவை பொருந்தாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த கமெராவும் பயன் தராது. பொருந்திவிட்டால் பழைய கமெராவே போதும்.

இது வெறும் அழகு சம்பந்தப்பட்ட விடயமல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் லயன் வரிசைகள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட சரிவுகளில் இன்றும் வாழும் குடும்பங்களுக்கு, சுவரில் விழுந்த வெடிப்பையும் வீட்டுக்குப் பின்னால் பிளந்திருக்கும் நிலத்தையும் வெளியில் உள்ளவர்களுக்குக் காட்ட ஒரு வீடியோதான் கையில் இருக்கிறது. ஆடிக் குலுங்கும் வீடியோவில் வெடிப்பின் அகலம் தெரியாது. குரல் விளங்காத முறைப்பாட்டை யாரும் கடைசிவரை கேட்கப் போவதுமில்லை.

ஏன் 25?

வீடியோ என்பது வேகமாக மாறும் நிழற்படங்களின் வரிசை. அந்த ஒவ்வொரு நிழற்படத்தையும் பிரேம் என்கிறோம். இலங்கையின் தொலைக்காட்சி முறை பால். அதில் செக்கனுக்கு 25 பிரேம்கள். அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளின் முறையில் ஏறத்தாழ 30. பெரும்பாலான போன்களும் 30இல்தான் பதிவு செய்கின்றன.

ஒரே நிகழ்ச்சியைக் கமெராவில் 25இலும் போனில் 30இலும் எடுத்து ஒன்றாக இணைத்தால் என்ன நடக்கும்? 25க்குள் 30ஐ அடக்க எடிட்டிங் மென்பொருள் ஒவ்வொரு செக்கனிலும் ஐந்து பிரேம்களைத் தூக்கி எறிகிறது. 30க்குள் 25ஐப் போட்டாலோ ஐந்து பிரேம்களை இரண்டு முறை காட்டுகிறது. நடப்பவர் தத்தித் தத்தி நடப்பதுபோல் தெரிவது இதனால்தான்.

இன்னொரு காரணம் மின்சாரம். இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் செக்கனுக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு கமெராவுக்குத் தெரிகிறது. ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என வைத்தால் துடிப்போடு அது ஒத்துப்போகும், பட்டைகள் மறைந்துவிடும். 1/60 என்றிருந்தால் மண்டபத்தில் எடுத்த முழு வீடியோவும் மினுங்கும்.

ஆகவே விதி எளிது. பேச்சு, கூட்டம், நேர்காணல் என்றால் 25 பிரேம், ஷட்டர் 1/50. விளையாட்டுப் போட்டி போன்ற வேகமான காட்சி என்றால் 50 பிரேம், ஷட்டர் 1/100. ஐபோனில் கமெரா அமைப்புக்குள் பால் வடிவங்களைக் காட்டும் தெரிவை இயக்கினால் 25 கிடைக்கும். போனில் 30 மட்டுமே இருந்தால் அன்றைய நிகழ்ச்சியை முழுவதும் 30இலேயே எடுத்து, ஷட்டரை 1/100இல் வையுங்கள். எதைத் தெரிவு செய்தாலும் எல்லாக் கருவிகளும் அதே எண்ணில் இருக்கட்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பழைய கேம்கோடர் வாங்குவோர் முதலில் மெனுவைத் திறந்து 50, 25 என்ற எண்கள் இருக்கின்றனவா எனப் பாருங்கள். 60, 30 மட்டும் இருந்தால் அது வேறு சந்தைக்காகச் செய்யப்பட்டது. ஜப்பான் சந்தைக்கென்றே வந்த சில கமெராக்களில் மெனுவும் ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும்.

50க்குப் பக்கத்தில் உள்ள எழுத்தையும் கவனியுங்கள். 50ஐ என்றால் ஒவ்வொரு படமும் இரண்டு பாதிகளாக, ஒன்றுவிட்ட கோடுகளாகப் பதிவாகும். பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்கு அது பொருத்தம். போன் திரையிலோ அசையும் கையின் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரியும். 25பி அல்லது 50பி இருந்தால் அதையே தெரிவு செய்யுங்கள். 50ஐ மட்டுமே உள்ள கமெரா என்றால் எடிட்டிங்கில் டீஇன்டர்லேஸ் என்ற தெரிவைக் கட்டாயம் இயக்க வேண்டும்.

அடுத்து, வெளி மைக் பொருத்தும் துளை இருக்க வேண்டும். 4கே இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். மைக் துளை இல்லாவிட்டால் மலைக்காற்றின் இரைச்சலில் பேச்சு அடிபட்டுப் போகும். லென்ஸ் அசைந்து செய்யும் ஒப்டிகல் சூமை மட்டும் கணக்கில் எடுங்கள், பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் டிஜிட்டல் சூம் படத்தைக் கெடுக்கும். மெமரி கார்டில் வி30 அடையாளம் இருந்தால் நல்லது. அது செக்கனுக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்பதன் உறுதி. போலிக் கார்டு நடுவில் பதிவை நிறுத்திவிடும் என்பதால் நம்பிக்கையான கடையில் வாங்குங்கள்.

தேயிலையும் மூடுபனியும்

மலையகத்தில் படம் எடுப்போருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வீடியோக் கோப்பு ஒவ்வொரு பிரேமையும் முழுமையாகச் சேமிப்பதில்லை. முந்தைய பிரேமிலிருந்து மாறியதை மட்டுமே பெரும்பாலும் சேமிக்கிறது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒருவர் பேசினால் மாற்றம் குறைவு. காற்றில் ஆடும் தேயிலை மலையிலோ ஆயிரக்கணக்கான இலைகள் ஒரே நேரத்தில் அசைகின்றன. மழை பெய்தால் சொல்லவே வேண்டாம். அதில் கமெராவும் ஆடினால் படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். எனவே தேயிலைச் சரிவைப் படம் எடுக்கும்போது கமெராவை முக்காலியில் நிறுத்துங்கள். முக்காலி இல்லையென்றால் மதிற்சுவரிலோ கல்லிலோ ஊன்றி, ஒரு காட்சியைப் பத்து செக்கன் அசையாமல் பிடியுங்கள். வெடிப்பைக் காட்டுவதென்றால் பக்கத்தில் அடிமட்டத்தையோ தீப்பெட்டியையோ வையுங்கள், அளவு விளங்கும்.

மூடுபனியில் கமெராவின் தானியங்கிக் குவியம் எதைப் பிடிப்பதென்று தெரியாமல் முன்னும் பின்னும் அலையும். அந்நேரம் குவியத்தைக் கையால் நிறுத்திவிடுங்கள். நல்ல வெயிலில் கமெரா தானாகவே ஷட்டரை 1/1000 வரை உயர்த்தும், அசைவு வெட்டி வெட்டித் தெரியும். என்டி ஃபில்டர் எனப்படும் கறுப்புக் கண்ணாடியைப் போட்டால் ஷட்டரை 1/50இலேயே வைத்திருக்கலாம்.

எடிட்டிங்கும் பதிவேற்றமும்

எடிட்டிங் மென்பொருளுக்குக் காசு தேவையில்லை. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பும் ஷொட்கட்டும் போதுமானவை. புதிய வேலையைத் தொடங்கும்போதே டைம்லைனை 25 என அமையுங்கள். ரிசால்வில் காட்சிகளை உள்ளே எடுத்த பிறகு அதை மாற்ற முடியாது.

குரலும் வாயும் பொருந்தாமைக்குப் பெரும்பாலும் போன்தான் காரணம். வெளிச்சம் குறையும்போது பல போன்கள் பிரேம் எண்ணிக்கையைத் தாமாகவே கூட்டிக் குறைக்கின்றன. ஹேன்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான பிரேம் வேகத்தைத் தெரிவு செய்து மாற்றிய பிறகு எடிட் செய்தால் அந்தத் தொல்லை தீரும். போனிலிருந்து எடிட் செய்பவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால், சாதாரண வீடியோவாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கித் தரத்தைக் குறைத்துவிடும்.

வெளியீட்டுக்கு எம்பி4 கோப்பு, எச்.264 முறை, ஒலிக்கு ஏஏசி. 25 பிரேம் வீடியோவுக்கு யூடியூப் பரிந்துரைக்கும் பிட்ரேட் 1080பி என்றால் செக்கனுக்கு 8 மெகாபிட், 720பி என்றால் 5 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே பத்து நிமிட வீடியோ 1080பியில் சுமார் 600 மெகாபைட், 720பியில் சுமார் 375 மெகாபைட். தோட்டத்துச் சிக்னலில் பதிவேற்ற வேகம் 2 மெகாபிட் என்றால் முதலாவதற்கு 40 நிமிடம், இரண்டாவதற்கு 25 நிமிடம். சாதாரணப் பேச்சுக்கு 720பி தாராளமாகப் போதும். தேயிலை, மழை, விளையாட்டு என்றால் 1080பியில் பிட்ரேட்டை 12 வரை உயர்த்தி, பண்டாரவளை போன்ற நகரத்துக்கு வந்து பதிவேற்றுவது நல்லது.

குறைந்த சிக்னலில் பார்ப்பவருக்காகத் தனிப் பிரதி செய்யத் தேவையில்லை. யூடியூபே பல தரங்களில் பிரதி எடுத்து, பார்ப்பவரின் இணைய வேகத்துக்கு ஏற்றதைக் கொடுக்கும். சொந்த இணையத்தளத்தில் கோப்பை நேரடியாகப் போடுபவர்கள் மட்டும் ஹேன்ட்பிரேக்கில் வெப் ஒப்டிமைஸ்ட் என்ற தெரிவை இயக்க மறக்கக் கூடாது. அதை விட்டுவிட்டால் சில இடங்களில் கோப்பு முழுவதும் இறங்கிய பிறகே படம் தொடங்கும். டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிப்பவர் அதுவரை காத்திருக்க மாட்டார்.

ஊவாவிலிருந்து எடுக்கப்படும் வீடியோக்களைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் லயன் அறையில் ஒரே போனைச் சுற்றி அமர்ந்திருக்கும் குடும்பத்தினர். அல்லது கொழும்பிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை முடிந்து திரும்பிய உறவினர்கள். அவர்கள் 4கே கேட்கவில்லை. படம் நிற்காமல் ஓட வேண்டும், பேசுவது விளங்க வேண்டும், அவ்வளவுதான் அவர்களது தேவை. நிகழ்ச்சி தொடங்குமுன் கமெரா பிடிப்போர் எல்லோரும் ஐந்து நிமிடம் ஒன்றுகூடி எண்களைச் சரிபார்த்துக் கொண்டால் அதைக் கொடுத்துவிடலாம். பாடசாலை ஊடகக் கழகங்களும் பள்ளிவாசல் இளைஞர் குழுக்களும் அடுத்த கமெராவுக்கு நன்கொடை சேர்ப்பதற்கு முன்னர் இந்த ஐந்து நிமிடத்தைப் பழக்கமாக்கிக் கொள்ளட்டும்.