மலைநாட்டில் எந்த ஊர்?

மட்டக்குளியின் கடற்கரைப் புழுக்கத்தில் வாடும் குடும்பத்தினர், ஆகஸ்ட் விடுமுறை வந்ததும் முதலில் எண்ணுவது நுவரெலியாவையே. 6,100 அடிக்கு மேல் உயர்ந்த அந்நகரின் குளிர் பெயர்பெற்றது. ஆயினும், ஊரைத் தெரியுமுன் மாதத்தைப் பார்த்தல் வேண்டும்.

மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று, கடலிலிருந்து கொணரும் நீரை மலைத்தொடரின் மேற்புறத்திலேயே பெரிதும் பொழிந்துவிடுகின்றது. முகட்டைக் கடந்து ஊவாப் பக்கம் இறங்கும்போது அது வறண்ட காற்றாகிவிடும். ஆகவேதான், நுவரெலியாவில் மழையும் மூடுபனியும் விருந்தினரை அறைக்குள்ளே அடைத்துவைக்கும் ஆகஸ்ட் நாள்களிலும், ஏறக்குறைய 4,000 அடி உயரத்துப் பண்டாரவளையில் வெயில் காய்கின்றது. 1894ஆம் ஆண்டிலேயே புகையிரதப் பாதை எட்டிய ஊர் அது. ஈரக்குளிர் ஒவ்வாத முதியவரை உடன் அழைத்துச் செல்வோர்க்கு அதுவே ஏற்றது. மலைவிளிம்பில் அமைந்த அப்புத்தளையிலிருந்து காணும் காட்சி அதனினும் பெரிது, காற்றோ கடுமையானது.

பெப்ரவரி, மார்ச் மாதங்களில் நுவரெலியாவை நாடலாம். ஏப்ரலில் கூட்டம் மிகும்; அறை வாடகையும் ஏறும். ஆண்டிறுதியிலோ வடகீழ்ப் பருவக்காற்று ஊவாவை நனைக்கும். 2025 நவம்பர் இறுதியில் 'தித்வா' புயலின்போது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மண்சரிவால் பலர் மாண்டனர். அம்மாதங்களில் புறப்படுவோர், அறைக்கு முற்பணம் அனுப்புமுன் மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்டறிதல் நன்று.